ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் ஆயில்: பிராண்டைப் பார்ப்பதற்கு முன் அப்ரூவலைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே கேமன் வாங்கினேன். 2014 மாடல். முதல் ஆயில் மாற்றத்துக்கு விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் 5டபிள்யூ-30 போதும் என்றார்கள். இன்னொரு இடத்தில், நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50க்குக் கீழே இறங்கவே கூடாது என்றார்கள். ஸ்பேர்ஸ் கடையில் "ரேசிங் ஆயில் சார்" என்று 10டபிள்யூ-60 கேன் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். காரின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மேனுவலிலோ பதில் ஒரே வரியில் இருந்தது: போர்ஷே ஏ40.

அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம், கடையில் நிற்கும் கேன்களில் எது அதற்கு உண்மையிலேயே தகுதியானது என்று உறுதிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மன் கார்களைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன். ஆயில் விஷயத்தில் கறாராக இருப்பவர்கள் அவர்கள்தான்.

1. மேனுவலைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு காகிதத்தில் இவற்றை எழுதுங்கள்: தயாரிப்பாளர் கேட்கும் அப்ரூவல் குறியீடு (ஆயிலுக்குக் கார் கம்பெனி கொடுக்கும் ஒப்புதலின் பெயர்), அனுமதிக்கப்பட்ட கிரேடுகள் (5டபிள்யூ-30 மாதிரியான தடிமன் எண்கள்), ஃபில்டர் மாற்றும்போது பிடிக்கும் ஆயில் அளவு. மேனுவல் இல்லாமல் கார் வாங்கியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் எடுத்துக்கொண்டு, அந்தக் காரின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் காருக்குள் தலைமுறைக்குத் தலைமுறை எஞ்சின் மாறும், எஞ்சினோடு ஆயிலும் மாறும்.

நீங்கள் சந்திக்கக்கூடிய குறியீடுகள் ஏறக்குறைய இவைதான். போர்ஷேயில் ஏ40, சி30, சி20, புதிய கார்களுக்கு சி40. 911, பாக்ஸ்டர், கேமன் என்றால் பெரும்பாலும் ஏ40. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் பெட்ரோல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் வந்த பிறகுள்ள 911, 718 வண்டிகளில் சி40 இருக்கலாம். நான்கு சிலிண்டர் மக்கானுக்குப் பெரும்பாலும் சி30. பிஎம்டபிள்யூவில் லாங்லைஃப்-01, லாங்லைஃப்-04, லாங்லைஃப்-17 எஃப்இ பிளஸ் என்று போகும். மெர்சிடிஸில் 229.5, 229.51, 229.52. ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா மூன்றுக்கும் பொதுவாக 502 00, 504 00, 508 00. கார்வெட் போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு டெக்ஸாஸ் (dexos) என்ற குறியீடு. இதிலும் ஆண்டைப் பார்க்க வேண்டும்: 2019 மாடலிலிருந்து கார்வெட்டுக்கு 5டபிள்யூ-30 போய் 0டபிள்யூ-40 வந்துவிட்டது. ஜப்பான் கார்களில் பெரும்பாலும் தனிக் குறியீடு இருக்காது, கிரேடும், ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் தரமும் மட்டும் இருக்கும். நிசான் ஜிடி-ஆர் மாதிரி சில கார்களுக்கு ஆயிலின் பெயரையே சொல்லி மொபில் 1 0டபிள்யூ-40 என்று பரிந்துரைத்திருப்பார்கள்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. எண் பெரிதானால் ஆயில் உசத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். 508 00 என்பது 502 00இன் மேம்பட்ட வடிவம் அல்ல. அது மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில், அதற்கென்றே வடிவமைத்த எஞ்சின்களுக்கு மட்டும். தவறி வேறு காரில் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகப் பச்சை நிறச் சாயமே கலந்து விற்கிறார்கள். அதேபோல மெர்சிடிஸின் 229.5உம் 229.51உம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் வேறு வேறு. 229.51 எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில், புகைக்குழாயில் ஃபில்டர் உள்ள வண்டிகளை மனதில் வைத்துச் செய்தது. மேனுவலில் எந்த எண் இருக்கிறதோ, அதே எண்.

2. கேனில் உள்ள எழுத்துகளை மூன்று அடுக்காகப் பிரித்துப் படியுங்கள்

முதல் அடுக்கு கிரேடு. 0டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்பதெல்லாம் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த தடிமன் அளவு. ஆயிலின் தரத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

இரண்டாவது அடுக்கு பொதுத் தரம். அமெரிக்காவின் ஏபிஐ, ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்கள் சங்கமான ஏசிஇஏ. ஏபிஐயில் பெட்ரோல் எஞ்சின் தரங்கள் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும்: எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல், எஸ்க்யூ 2025இல். உங்களுடையது டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் உள்ள எஞ்சின் என்றால், மேனுவல் கேட்கும் அப்ரூவலோடு எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய தரமும் இருப்பது நல்லது. குறைந்த வேகத்தில் கனமாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு இந்த எஞ்சின்களில் உண்டு. ஆயிலில் உள்ள கால்சியமும் அதற்கு ஒரு காரணம். எஸ்பி தரத்தில் அதற்கான சோதனை சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது அடுக்குதான் தயாரிப்பாளரின் அப்ரூவல். ஆயில் கம்பெனி தன் ஆயிலைக் கொடுத்து, கார் கம்பெனி சொல்லும் எஞ்சின்களில் ஓட்டிக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். போர்ஷே ஏ40க்கு எஞ்சினை 203 மணி நேரம் ஓட்டுகிறார்கள். ரேஸ் ட்ராக் ஓட்டம், நெடுநேர உச்ச வேகம், குளிர் ஸ்டார்ட், சூடான ஸ்டார்ட் எல்லாம் அதற்குள் வரும்.

இரண்டாவது அடுக்குக்குள்ளேயே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஏபிஐ லைசென்ஸ் கொடுக்கிறது, பொதுப் பட்டியலும் வைத்திருக்கிறது. ஏசிஇஏ யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. "இந்த ஆயில் ஏ3/பி4 தரத்தில் இருக்கிறது" என்று கேனில் இருந்தால், சோதனைகளைச் செய்துவிட்டு ஆயில் கம்பெனியே தன் பொறுப்பில் அப்படி அறிவிக்கிறது என்று அர்த்தம். நல்ல கம்பெனி என்றால் அது போதுமான உறுதிமொழிதான். ஆனால் பெயர் தெரியாத கேனில் அதே எழுத்தைப் பார்த்தால் நான் தொடமாட்டேன்.

ஒரே கிரேடில் இரண்டு வேறு ஆயில்கள் இருக்கும் என்பதை நேரில் பார்க்க, எந்தக் கடையிலும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்களை அருகருகே வைத்துத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் ஏசிஇஏ ஏ5/பி5 என்று இருக்கும், மற்றொன்றில் ஏசிஇஏ சி3. 150 டிகிரி சூட்டில், பேரிங் இடுக்கில் நசுங்கும்போது ஆயில் எவ்வளவு தடிமனைத் தக்கவைக்கிறது என்று அளக்கும் எண்ணை எச்டிஎச்எஸ் என்பார்கள். சி3 ஆயிலில் அது 3.5க்குக் குறையக் கூடாது. ஏ5/பி5 ஆயிலில் 2.9 இருந்தாலே போதும், 3.5ஐத் தாண்டாது. முன்பக்கத்தில் இரண்டும் 5டபிள்யூ-30, இரண்டும் "ஃபுல்லி சிந்தடிக்". லாங்லைஃப்-01 கேட்கும் பிஎம்டபிள்யூவில் ஏ5/பி5 வகையை ஊற்றினால், கிரேடு சரி, ஆயில் தப்பு.

இன்னொன்று: ஏபிஐயின் நட்சத்திர வெடிப்பு மாதிரியான முத்திரையை 0டபிள்யூ-40 கேனில் தேடாதீர்கள். அது எரிபொருள் மிச்சம் பிடிக்கும் மெல்லிய கிரேடுகளுக்கானது. 40 கிரேடுக்குக் கிடைக்காது. வட்ட முத்திரைதான் இருக்கும்.

3. கேனின் பின்பக்கத்தில் வினைச்சொல்லைப் பாருங்கள்

ஏமாற்று வேலை நடப்பது இங்கேதான், அதுவும் சட்டப்படி. "அப்ரூவ்டு" அல்லது "அப்ரூவல்" என்ற தலைப்புக்குக் கீழே உங்கள் குறியீடு இருந்தால் கார் கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் அந்த ஆயிலுக்கு உண்டு. "மீட்ஸ் தி ரெக்கொயர்மென்ட்ஸ் ஆஃப்" என்றால், தேவைகளை எங்கள் ஆயில் பூர்த்திசெய்கிறது என்று ஆயில் கம்பெனி சொல்கிறது, கார் கம்பெனி சொல்லவில்லை. "ரெக்கமெண்டட் ஃபார்", "சூட்டபிள் ஃபார்", "பெர்ஃபார்மன்ஸ் லெவல்" என்றால் அதைவிடவும் தளர்வான பேச்சு. இப்படி எழுதிய ஆயில் மோசம் என்று நான் சொல்லவில்லை. அப்ரூவலுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று விட்டவர்களும் இருக்கலாம். ஆனால் எட்டு லிட்டர் ஊற்றப்போவது நீங்கள். வாரன்டி தகராறு என்று வந்தால் காகிதம் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான்.

கேனில் இடம் போதாமல் எல்லாவற்றையும் கலந்து போட்டிருந்தால், ஆயில் கம்பெனியின் இணையதளத்தில் அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டை இறக்குங்கள். மொபில் மாதிரி பெரிய கம்பெனிகளின் ஷீட்டில் அப்ரூவல் உள்ளவை, தேவையைப் பூர்த்திசெய்பவை, பரிந்துரைப்பவை என்று தனித்தனிக் கட்டங்களாகவே பிரித்திருப்பார்கள். உங்கள் குறியீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது. அந்த ஷீட்டைப் போனில் சேமித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முழுப் பெயரையும் பாருங்கள். "மொபில் 1" என்பது ஒரு குடும்பம். அதற்குள் 0டபிள்யூ-20 முதல் 5டபிள்யூ-50 வரை பல ஆயில்கள் உண்டு. 0டபிள்யூ-40இலேயே எஃப்எஸ் என்றும் இஎஸ்பி எக்ஸ்3 என்றும் வேறு வேறு உண்டு. அப்ரூவல் கிடைப்பது குடும்பத்துக்கு அல்ல, குறிப்பிட்ட பெயரும் கிரேடும் கொண்ட ஒரு ஆயிலுக்கு.

4. கார் கம்பெனியின் பட்டியலில் சரிபாருங்கள்

இதில் மெர்சிடிஸ் மிகவும் திறந்த மனது. ஒவ்வொரு ஷீட் எண்ணுக்கும், அதாவது 229.5, 229.52 என்று தனித்தனியாக, ஒப்புதல் பெற்ற ஆயில்களின் பெயர்களை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஏபிஐயின் லைசென்ஸ் பட்டியலும் அப்படியே, பிராண்ட் பெயரைத் தட்டினால் வந்துவிடும். டெக்ஸாஸ் ஆயிலுக்கு முத்திரையோடு லைசென்ஸ் எண் கேனில் இருக்க வேண்டும். எண் இல்லாத டெக்ஸாஸ் முத்திரையை நம்பாதீர்கள்.

போர்ஷே, பிஎம்டபிள்யூ போன்றவற்றுக்கு சர்வீஸ் சென்டரில் கேட்கலாம், அல்லது ஆயில் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். என் அனுபவத்தில் இரண்டாவது வழிதான் வேகம். "இந்தியாவில் விற்கும் இந்தப் பெயருள்ள, இந்த கிரேடு ஆயிலுக்கு போர்ஷே ஏ40 அப்ரூவல் தற்போது நடப்பில் உள்ளதா?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். "தற்போது" என்ற சொல் முக்கியம். ஃபார்முலா மாறினால் ஒப்புதல் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு வயதும் உண்டு. பதில் வந்தால் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் ஆவணம்.

5. "நம்ம ஊர் வெயிலுக்கு" என்று சொன்னால்

மெக்கானிக் அண்ணன் இதை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் அவர் கையால் பார்த்த அனுபவம் அது. அவரிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

0டபிள்யூ-40இல் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள 40, 100 டிகிரியில் உள்ள தடிமன். எஸ்ஏஇ கணக்கில் 40 கிரேடு என்றால், தடிமனை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் 12.5க்கும் 16.3க்கும் இடையே. அது 0டபிள்யூ-40 ஆனாலும் 15டபிள்யூ-40 ஆனாலும் இதே வரம்புதான். எஞ்சின் சூடானபின் வெளியே மீனம்பாக்கத்து மே மாத வெயிலா, ஊட்டியின் டிசம்பரா என்பது ஆயிலுக்கு அவ்வளவாகத் தெரியாது. சாதாரண ஓட்டத்தில் கூலிங் சிஸ்டம் அதை 100 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் நேரம்தான் கவனிக்க வேண்டியது. 40 டிகிரியில் ஒரு 0டபிள்யூ-40 ஆயிலின் தடிமன் 70, 80 என்ற அளவில் இருக்கும். 20டபிள்யூ-50க்கு 150க்கு மேல். அதாவது சென்னையின் வெப்பத்தில்கூட, குளிர்ந்த எஞ்சினில் அது இரண்டு மடங்கு கெட்டியாக இருந்து, மேலே உள்ள கேம் ஷாஃப்டுக்குப் போய்ச் சேரத் தாமதிக்கும். நுணுக்கமான இடைவெளிகளும் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வ் டைமிங்கும் உள்ள எஞ்சினுக்கு அது நல்லதில்லை.

10டபிள்யூ-60 ஆயில் ஏமாற்று வேலை அல்ல. பழைய பிஎம்டபிள்யூ எம்3, எம்5 வண்டிகளில் எஸ்54, எஸ்65, எஸ்85 எஞ்சின்களுக்குக் கம்பெனியே கேட்டது அதுதான். உங்களுடையது அந்த எஞ்சின் என்றால் கட்டாயம் அதையே ஊற்றுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

6. ட்ராக்குக்குப் போகிறவர்கள்

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாள்) ஓட்டுகிறவர்கள் மேனுவலில் கூடுதலாக ஒரு பக்கத்தைத் தேட வேண்டும். சில கம்பெனிகள் ட்ராக் ஓட்டத்துக்கு வேறு கிரேடையோ, கூடுதல் ஆயில் அளவையோ, குறைந்த இடைவெளியையோ தனியாகச் சொல்லியிருக்கும். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர்தான், ஆனால் தொடர்ந்து சில சுற்றுகள் முழு மூச்சில் ஓட்டினால் ஆயில் சூடு 120ஐத் தாண்டும். எனவே டிஸ்ப்ளேயில் ஆயில் டெம்பரேச்சர் பக்கத்தைத் திறந்து வையுங்கள். 130ஐ நெருங்கினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள். போவதற்கு முன் ஆயில் லெவல் மேல் கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுத்துவிடும்.

ஆயிலோடு கலக்கும் "ட்ரீட்மென்ட்" பாட்டில்களை ட்ராக்குக்கென்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்ரூவல் வாங்கிய ஆயிலில் வேறொன்றைக் கலந்த நிமிடமே அது அப்ரூவல் இல்லாத ஆயில்.

7. செலவு

கேமனுக்கு ஃபில்டரோடு ஏழரை லிட்டர் அளவில் பிடிக்கும். அப்ரூவல் உள்ள 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 நான் விசாரித்த இடங்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 900 முதல் 1,500 ரூபாய் வரை இருந்தது. ஆக எட்டு லிட்டருக்கு 7,000 முதல் 12,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். ஃபில்டர், ட்ரெய்ன் போல்ட்டின் வாஷர் இரண்டும் தனி. வாஷர் சில்லறைக் காசுதான், அதைப் பழையதே போதும் என்று விடாதீர்கள். ஆயிலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. விலை கேட்கும்போதே "வரியோடு எவ்வளவு" என்று கேளுங்கள். கேன் அளவுகளையும் கணக்குப் போட்டு வாங்குங்கள்: நான்கு லிட்டர் கேன் இரண்டு வாங்கினால் டாப்-அப்புக்கு அரை லிட்டர் மிஞ்சும், தனியாக ஒரு லிட்டர் வாங்கும் செலவு மிச்சம்.

வாரன்டி ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அதில் "எஞ்சின் ஆயில்" என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். ஆயிலின் பெயர், கிரேடு, எத்தனை லிட்டர் மூன்றும் இருக்க வேண்டும்.

8. வாங்கும்போதும் மாற்றும்போதும் வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

போலி ஆயில் நிஜமான பிரச்சினை. பிரபல பிராண்டின் காலிக் கேன்களை எடைக்கு வாங்கி, உள்ளே எதையாவது நிரப்பி விற்கிறார்கள். அதனால் ஆயில் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்குங்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்க வேண்டும். க்யூஆர் கோடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். எல்லாக் கேன்களிலும் பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் அழியாமல் தெளிவாக இருக்க வேண்டும். சந்தையில் உள்ளதைவிடப் பாதி விலை என்றால் வேறு சோதனையே தேவையில்லை, வந்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் ஆயிலின் முழுப் பெயர் வரவேண்டும். கேனின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண் ஆகியவற்றை மூன்று போட்டோ எடுங்கள். ஒர்க்‌ஷாப் பில்லில் தேதி, ஓடோமீட்டர் அளவு, சேசிஸ் நம்பர். இவற்றோடு டேட்டா ஷீட், அந்த மின்னஞ்சல். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். வாரன்டிக்கு மட்டும் இல்லை, காரை விற்கும்போது விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீலை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். அளவு முழுவதையும் ஒரேயடியாக ஊற்ற விடாதீர்கள். அரை லிட்டர் நிறுத்திவைத்து, எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் லெவல் பார்த்துவிட்டு மீதி. என் காரில் டிப்ஸ்டிக்கே கிடையாது, டிஸ்ப்ளேயில்தான் பார்க்க வேண்டும், அதற்கும் எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். இது தெரியாத இடத்தில் "கணக்குக்கு ஊற்றிட்டோம் சார்" என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் காலிக் கேன்களில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.

9. எப்போது மாற்றுவது

மேனுவலில் கிலோமீட்டர், மாதம் என்று இரண்டு கணக்கு இருக்கும். எது முதலில் வருகிறதோ அது. ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் முதலில் வருவது மாதம்தான், ஏனென்றால் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள் நிறைய. "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்" என்று தோன்றும். குறைந்த தூரம் ஓட்டி நிறுத்தும் காரில்தான் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிக்கொண்டே போகும். நான் வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுகிறேன். ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் அதற்கும் முன்பே.

வடித்த ஆயில் அபாயகரக் கழிவு. வீட்டில் மாற்றினால் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றிவிடாதீர்கள். பழைய கேனில் பிடித்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுள்ளவருக்குத்தான் அவர்கள் அதைக் கொடுக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய அரை லிட்டரை லேபிளோடு டிக்கியில் வையுங்கள். நெடுஞ்சாலையில் லெவல் எச்சரிக்கை வந்து, அதுவும் கையில் இல்லாமல் போனால், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் வேறு ஆயிலை ஊற்றலாமா என்ற கேள்வி வரும். பல ஐரோப்பிய மேனுவல்கள் அவசரத்துக்கு, ஒரே ஒரு முறை, குறைந்த அளவில் ஏசிஇஏ ஏ3/பி4 தரமுள்ள ஆயிலை அனுமதிக்கின்றன. உங்கள் மேனுவல் எவ்வளவு அனுமதிக்கிறது என்பதையும் முதல் படியில் எழுதிய அந்தக் காகிதத்திலேயே சேர்த்து எழுதி, க்ளோவ் பாக்ஸில் போட்டுவையுங்கள்.